மூடிக்கு அடியில் தட்டும் கை

ட்ரூடியின் வலக்கை இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது.

பாட்டின் கடைசி அடியில், இடக்கையை விரித்துக் கவிழ்த்து, அதன் மேல் வலக்கையை மடக்கி முட்டியால் தட்ட வேண்டும். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தின் கிழக்குக் கரையில், கிரின்டல் துறையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் அது தெரியும். நாக்குக்குப் பேச்சு வருமுன் கைக்கு வந்துவிடும் பாட்டு அது. இரண்டு விரல்களைக் கத்தரிபோல் திறந்து மூடினால் வெட்டு, விரல்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடுக்கு, கவிழ்ந்த உள்ளங்கை மூடி, பிறகு தட்டல்.

வாலை வெட்டு, தலையை வெட்டு,
வரிசை வரிசையா அடுக்கு,
வெள்ளி மூடி போட்டு மூடு,
தட்டித் தட்டி எழுப்பு.

மற்றக் குழந்தைகள் மூடியின் மேல் தட்டிச் சிரித்துக்கொண்டிருக்க, ட்ரூடி மட்டும் முட்டியை இடக்கைக்கு அடியில் கொண்டுபோய், கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

“கண்ணு, கை மேல வரணும்,” என்றாள் லூயெல்லா. “மூடிக்கு மேல. டீச்சர் கையப் பாரு.”

குழந்தை பார்த்தது. பார்த்துவிட்டு, அடியிலிருந்தே மறுபடியும் தட்டியது.

லூயெல்லா டோர் ஒழுங்கில் நம்பிக்கை உள்ளவள். அவளுடைய பாலர் பள்ளியில் சிறு பூட்சுகள் கொக்கிகளுக்குக் கீழே சோடி சோடியாக, மூக்குகள் சுவரைப் பார்க்க நிற்கும். வண்ணப் பென்சில்கள் கூர்முனை ஒரே பக்கம் நோக்கிக் கிடக்கும். ஒரு பிழையை அப்போதே திருத்தாவிட்டால் அது பழக்கமாகிவிடும் என்பதை அவள் இளம் ஆசிரியைகளுக்கு ஓயாமல் சொல்வாள். ஆகவே பாட்டை முதலிலிருந்து தொடங்கச் சொன்னாள். அந்த முறை ட்ரூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவரின் கைகளும் கீழே இறங்கின. அடுத்த முறை பாடியபோது, வட்டத்தில் மேலிருந்து தட்டிய கை ஒன்றுகூட இல்லை.

தொட்டியடியில் வண்ணக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்த கார்லீன் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பள்ளியின் உதவி ஆசிரியை அவள்; வாய் ஓயாதவள்.

“விடுங்க டீச்சர். மேல தட்டினா என்ன, கீழ தட்டினா என்ன? மீன் எந்திரிச்சு வந்து புகார் குடுக்கவா போகுது?”

“நாளைக்கு ஊரே பார்க்கப் போகுது கார்லீன்.”

“ஊரு பார்க்கறது காப்பியையும் டோனட்டையும்தான். பாட்டப் பார்க்கவா இந்தக் குளிர்ல வராங்க?” கிண்ணத்தை உதறிக் கவிழ்த்தாள். பிறகு, குரலைச் சற்றுத் தாழ்த்தி, “எங்கம்மா இந்தப் பாட்ட வீட்டுல பாடவே விட மாட்டா. நான் ஒரு தடவ பாடினேன்னு வாயிலயே ஒண்ணு வச்சா. ஏன்னு கேட்டதுக்கு இன்னொண்ணு,” என்றாள்.

லூயெல்லா வட்டத்துக்குத் திரும்பினாள். ட்ரூடியின் முன் முழந்தாளிட்டு, அந்தச் சிறிய முட்டியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அது குளிர்ந்திருந்தது. விரற்கணுக்கள் சிவந்திருந்தன.

“இப்படித் தட்ட யாரு சொல்லிக் குடுத்தாங்க தங்கம்?”

ட்ரூடி யோசித்தாள். “யாரும் இல்ல.”

“அப்புறம்?”

“இப்படித்தான் கேக்குது,” என்றாள் குழந்தை.

பள்ளிக் கட்டடம், மத்தி மீனை டப்பாவில் அடைத்த பழைய தொழிற்சாலை. கரையிலிருந்து நீருக்குள் நீண்டு, மரக்கால்களின் மேல் நின்றது. பெண்கள் நின்று மீனை வெட்டி அடுக்கிய நீண்ட கூடம்தான் இப்போது பாலர் வகுப்பு. சுவர்களுக்கு மஞ்சள் வண்ணம் பூசியாயிற்று; தரைக்கு மெழுகு போட்டாயிற்று. எனினும் காற்றில் ஈரம் ஏறும் நாட்களில் பலகைகள் பழைய எண்ணெயைக் கக்கின. உப்பும் கடுகுக் குழம்பும் டப்பா மூடிகளைப் பற்றவைக்க உருக்கிய ஈயமும் கலந்த ஒரு வாடை, துடைத்தாலும் போகாமல், குழந்தைகளின் கம்பளி உடைகளில் ஏறி வீடுவரை சென்றது. பெற்றோர் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. அவர்களுடைய வீடுகளுக்கு அது புதிய வாடை அன்று.

மறுநாள் துறைமேடையில், குழந்தைகளின் பாட்டோடு, ஒரு பலகை திறக்கப்படவிருந்தது. ஊரின் பாட்டு எவ்வாறு பிறந்தது என்பதை வருகிறவர்களுக்குச் சொல்லும் பலகை. விழாக் குழுவினர் லூயெல்லாவைத்தான் எழுதச் சொன்னார்கள். “உங்க தாத்தா இங்க வேல பார்த்தவரு. உங்களவிட யாருக்குத் தெரியும்?” என்றார்கள். அவளும் எழுதினாள்: மீன் அடுக்கிய தாய்மார்கள், வேலை அலுப்பு மறக்கவும் தம் மக்களைச் சிரிக்க வைக்கவும் இயற்றிய விளையாட்டுப் பாட்டு இது. வாக்கியத்தில் பிழை ஏதும் இல்லை. எழுவாயும் பயனிலையும் இசைந்திருந்தன. அதை எழுதி முடித்த இரவு அவள் கண்ணாடியைப் பார்க்காமல் பல் துலக்கிவிட்டுப் படுத்தாள்.

உங்களவிட யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியும் என்பதுதான் வெட்கம்.

அவளுடைய தாத்தா ஏசா, இளம் வயதில் இந்தக் கூடத்தில் பெட்டிகளுக்கு ஆணி அடித்தவர். அவர் இறந்த குளிர்காலத்தில், சாவதற்கு முந்தைய வாரம் முழுவதும் ஒரே வேண்டுகோளைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: சவப்பெட்டியின் மூடிக்கு ஆணி அடிக்காதீர்கள், சும்மா வைத்தால் போதும். முதுமையின் பிதற்றல் என்று எல்லாரும் தலையாட்டினர். பிறகு, வழக்கப்படி, அடித்தனர். அடக்கம் முடிந்து வந்தவர்கள் போன பின், லூயெல்லாவின் தாய் தட்டுகளைக் கழுவிக்கொண்டே, முதுகைத் திருப்பியவாறே சொன்னாள்.

“மீன் ஆலையில சங்கு ஊதினா போகணும். படகு எப்ப வருதோ அப்ப. மீன் காத்திருக்குமா? கைப்பிள்ளைய யார்கிட்ட விடறது? காலிப் பெட்டியில சாக்க விரிச்சுப் படுக்க வச்சு, மேசைக்கு அடியில தள்ளிடுவாங்க. காத்து அடிக்கும்னு மூடியப் பாதி சாத்தி வைப்பாங்க. எல்லாரும் செஞ்சதுதான். என்னையும் அப்படித்தான் வளர்த்தாங்க.”

தட்டு ஒன்று, பிறகு இன்னொன்று.

“அன்னைக்குச் சரக்குக் கப்பல் தண்ணி வத்தறதுக்குள்ள கிளம்பணும்னு நின்னுது. உங்க தாத்தா வரிசையா ஆணி அடிச்சிக்கிட்டே வந்திருக்காரு. ஒரு பெட்டி கனம் கம்மியா இருந்திருக்கும். அவசரத்துல யாரு பார்த்தா. அடுக்கின பிறகுதான் தட்டின சத்தம் கேட்டிருக்கு.”

“யாருக்குக் கேட்டுச்சு?”

“எல்லாருக்கும் கேட்டுச்சு. ஒவ்வொருத்தியும் குனிஞ்சு தன் பிள்ளையத் தொட்டுப் பார்த்திருக்கா. இருக்குன்னதும் நிமிர்ந்து வேலையப் பார்த்திருக்கா. அதோட அம்மா, பிள்ள அடுப்புகிட்ட அக்காக்காரி மடியில இருக்குன்னு நினைச்சிட்டிருந்தா.”

“தாத்தா?”

“அவருக்குத்தான் முதல்ல கேட்டுது.” தாயின் கைகள் நீருக்குள் நின்றன. “இறக்கிப் பிரிச்சா, அது யாரு அடிச்ச ஆணின்னு தெரிஞ்சுபோகும்ல. அதுக்கு மேல இன்னொரு பெட்டியத் தூக்கி வச்சாரு.”

லூயெல்லா அந்தக் குழந்தையின் பெயரைக் கேட்டாள்.

“பேரு எதுக்கு இப்ப? தட்டத் துடை.” பிறகு, கடைசித் தட்டையும் கழுவி வைத்துவிட்டு, “அடுத்த சங்குக்கும் போனாங்க. அந்தப் பொம்பளையும் போனா. பிள்ளைங்களையும் தூக்கிட்டுத்தான் போனாங்க. வேற என்ன செய்ய? மூடி விழுந்தா அடியிலருந்து தட்டணும்னு, பேச்சு வராத பிள்ளைங்க கைக்குச் சொல்லிக் குடுத்தாங்க. அதான் பாட்டு. மேல தட்டறதெல்லாம் பின்னாடி வந்த நாகரிகம்.”

அதற்குப் பிறகும் லூயெல்லா முப்பது ஆண்டுகளாகக் குழந்தைகளின் கைகளை மேலே எடுத்து வைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

பகலுணவு முடிந்தபோது பனி விழத் தொடங்கியது. முதலில் அழகாக, பிறகு அடர்த்தியாக, பிறகு சன்னலுக்கு வெளியே உலகம் இல்லை என்னும்படி. தெற்குச் சாலை மூடிவிட்டதாக வானொலி சொல்லிற்று. கார்லீனின் தாய் தனியாக இருப்பவள்; கார்லீன் தவித்தாள்.

“நீங்க ஒத்தையில இருப்பீங்களே டீச்சர்.”

“பிள்ளைங்க இருக்காங்க. நீ கிளம்பு. அம்மாவத் தனியா விடாத.”

“பனி அள்ளற வண்டி இப்பதான் மேட்டுத் தெரு பக்கம் போகுதாம். பெத்தவங்கல்லாம் வர நேரமாகும்.” கார்லீன் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டாள். வாசலில் நின்று, ஏதோ சொல்ல வந்தவள்போல், கூடத்தின் பின்மூலையைப் பார்த்தாள். “அந்தப் பெட்டிய வேற எங்கயாவது வைக்கலாம் டீச்சர். சும்மா சொல்றேன்.” பிறகு சிரித்தாள். “எங்கம்மா பொண்ணுல்ல நான், அதான் இப்படி.”

கதவு சாத்திக்கொண்டது. பனி அவளுடைய வண்டியின் ஒலியை வாசலிலேயே விழுங்கிவிட்டது.

பின்மூலையில் இருந்தது போர்வைப் பெட்டி. தாத்தாவின் கொட்டகையிலிருந்து வந்த பழைய சரக்குப் பெட்டி. லூயெல்லாவே அதைத் தேய்த்து, கீல் வைத்து, நீல வண்ணம் அடித்திருந்தாள். மரம் நல்ல மரம். வீணாக்குவானேன் என்று அப்போது நினைத்தாள். குழந்தைகளின் மதியப் போர்வைகளை மடித்து வைக்க அளவாக இருந்தது.

அவள் போர்வைகளை எடுத்து, பாய்களை விரித்து, குழந்தைகளைப் படுக்க வைத்தாள். பெட்டி காலியாயிற்று. மூடியைச் சாத்தினாள். மெயின் மாநிலத்து டிசம்பர் மாதத்தில் பகல் என்பது ஒரு சிறிய சலுகை. நான்கு மணிக்கு முன்பே சன்னல்கள் சாம்பல் நிறத்திலிருந்து நீலத்துக்கும், நீலத்திலிருந்து ஒன்றுமின்மைக்கும் மாறின. குழந்தைகளை எழுப்ப மனமின்றி, தொட்டிக்கு மேலிருந்த ஒற்றை விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு, அவள் தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வெந்நீர்க் குழாய்கள் முனகின. கூரையில் பனி கனத்து, உத்தரம் ஒருமுறை பெருமூச்சுவிட்டது. மெழுகின் வாடைக்கு அடியிலிருந்து, மெல்ல, அனுமதி கேட்காமல், அந்த மற்ற வாடை எழுந்தது: உப்பு, கடுகு, எண்ணெய். அதோடு, இத்தனை ஆண்டுகளில் அவள் அங்கு ஒருபோதும் முகர்ந்திராத ஒன்று: ஈரச் சாக்கு.

பிறகு அந்த ஒலி.

அது பெரிய ஒலி அன்று. மரத்தில் மெல்லிய எலும்பு படும் ஒலி. இரண்டு தட்டல், சற்று ஓய்வு, மீண்டும் இரண்டு.

பனிக்கட்டி, என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். கடல் ஏற்றத்தின்போது நீர் கட்டடத்துக்கு அடியில் வரும். மிதக்கும் பனிக்கட்டிகள் மரக்கால்களில் மோதும். ஒவ்வொரு குளிர்காலமும் கேட்கும் ஒலி. குழந்தைகளுக்குக்கூட அதை விளக்கிப் படம் வரைந்து காட்டியிருக்கிறாள். அவள் எழுந்து, துறையின் விளக்கு விழும் சன்னலுக்குப் போய், கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக் கீழே பார்த்தாள்.

நீர் வற்றியிருந்தது. மரக்கால்கள் சேற்றில் வெறுமனே நின்றன. பனிக்கட்டிகள் சேற்றின் மேல் அசையாமல் கிடந்தன.

இரண்டு தட்டல். ஓய்வு. இரண்டு.

அவள் திரும்பவில்லை. கண்ணாடியில் தன் முகத்தின் பின்னால் கூடம் தெரிந்தது. பாய்களின் வரிசை. பாய்களின் மேல் குழந்தைகள். எல்லாரும் எழுந்து உட்கார்ந்திருந்தனர்.

யாரும் அழவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. உறக்கத்திலிருந்து எழும் குழந்தைகளுக்கு இருக்கும் சிணுங்கலோ, கண் கசக்கலோ இல்லை. ஒவ்வொருவரின் இடக்கையும் மார்புக்கு முன்னால் கவிழ்ந்திருந்தது. ஒவ்வொருவரின் வலது முட்டியும் அதற்கு அடியில் இருந்தது. உதடுகள் மூடியிருந்தன, பாட்டு இல்லை. கைகள் மட்டும்.

மூலையில் தட்டல் கேட்டபோது அவர்கள் தட்டினர். அது ஓய்ந்தபோது ஓய்ந்தனர்.

“போதும்,” என்றாள் லூயெல்லா. “பிள்ளைங்களா, போதும். படுங்க.”

ட்ரூடி அவளைப் பார்த்தாள். “டீச்சர், அதுக்கு உங்களத் தெரியுமாம்.”

“யாருக்கு?”

குழந்தை மூலையைப் பார்த்தது. பெயர் சொல்லத் தெரியாதபோது குழந்தைகள் பார்ப்பதுபோல்.

ஒருவேளை, என்று லூயெல்லா நினைத்தாள், இவர்களில் ஒருவர் விளையாட்டாக உள்ளே ஒளிந்திருக்கலாம். அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் பாய்களுக்கு இடையே நடந்தாள். ஒவ்வொரு தலையையும் தொட்டாள். சூடான தலைகள், வியர்த்த மெல்லிய முடிகள். ட்ரூடி இருந்தாள். இரட்டையர் இருந்தனர். தச்சர் மகன் இருந்தான். எல்லாரும் இருந்தனர். குனிந்து ஒவ்வொருவராகத் தொட்டு, எல்லாரும் இருக்கிறார்கள் என்று நெஞ்சு லேசாகி நிமிர்ந்தபோதுதான், தான் என்ன செய்து முடித்தாள் என்பது அவளுக்குப் புரிந்தது. ஒரு காலத்தில் இந்தத் தரையில், இதே போல் குனிந்து, இதே போல் நிமிர்ந்த பெண்கள். அவள் முகம் நெருப்பாயிற்று.

தட்டல் வேகமாயிற்று.

அவள் பெட்டியிடம் சென்றாள். செல்ல விரும்பவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒவ்வோர் அடியிலும் தரைப்பலகை ஈரமாக ஒட்டிற்று. சாக்கு வாடை இப்போது வாயில் சுவையாக இருந்தது. நீல வண்ணத்தின் மேல் புதிய கீறல் எதுவும் இல்லை. ஆனால் கீல் வைத்த மூடியின் ஓரத்தில், அவள் ஒருபோதும் அடித்திராத ஆணிகளின் தலைகள், வண்ணத்துக்கு மேலாகப் புடைத்திருந்தன.

தட்டல் அவள் முழந்தாளின் உயரத்தில். மூடிக்கு அடியில்.

வெளியே, மேட்டில், வண்டியின் ஒளி ஒன்று பனிக்குள் மங்கலாகத் திரும்பியது. பெற்றோர் வருகிறார்கள்.

அவள் மூடியைத் தூக்கினாள். ஆணிகள் எந்த எதிர்ப்பும் இன்றி மரத்தை விட்டு வந்தன, காத்திருந்தவைபோல்.

சாக்கு. சாக்கின் மேல் ஒரு குழந்தை.

அதற்கு ஒரு வயது இருக்கலாம். இன்னும் குறைவாக இருக்கலாம். கம்பளிச் சட்டைக்கு மேல் யாரோ தன் சால்வையைச் சுற்றிவிட்டிருந்தாள். தலைமுடியில் மீன் செதில்கள் ஒட்டியிருந்தன. உதடுகள் நீலம். விரற்கணுக்களில் தோல் இல்லை. வாய் அழுகைக்காகத் திறந்திருந்தது; ஆனால் அழுகை எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. கோரம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. மதிய உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட எந்தக் குழந்தையும் பார்ப்பதுபோல் அது ஒளியைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கியது. பிறகு அவளைப் பார்த்தது. பார்த்ததும் அதன் முகம் தெளிந்தது. யாரோ வந்துவிட்டார்கள்.

தூக்கு என்று இரண்டு கைகளையும் நீட்டிற்று.

லூயெல்லாவின் கைகள் நீண்டன. சாக்கின் குளிரை அவள் விரல்நுனிகள் தொட்டன. கூப்பிடுவதற்கு ஒரு பெயரைத் தேடினாள். இல்லை.

வண்டியின் ஒளி சுவரில் விழுந்தது. மஞ்சள் சுவரில், கொக்கிகளின் மேல், சோடி சோடியான பூட்சுகளின் மேல் நகர்ந்தது. கதவு மூடும் ஒலி, இன்னொரு வண்டி, மரப்பாலத்தில் காலடிகள், பேச்சு, இருமல். ஊர் வந்துகொண்டிருந்தது. இதைத் தூக்கினால் கேட்பார்கள். யாருடையது என்று கேட்பார்கள். எங்கிருந்தது என்று கேட்பார்கள். பெட்டி யார் வீட்டுப் பெட்டி என்று கேட்பார்கள். அவளுக்குத் தெரியுமா என்று கேட்பார்கள்; எத்தனை காலமாகத் தெரியும் என்று கேட்பார்கள். நாளை பலகை. நாளை அவள் பெயர். இப்போது முடியாது. இவர்கள் போகட்டும். இவர்கள் போன பிறகு, கட்டாயம். உடனே. சற்று நேரம்தான்.

குழந்தை இன்னும் கைகளை நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் அந்தக் கைகளை மெல்ல மடக்கினாள். முதலில் ஒன்று. பிறகு மற்றொன்று. சால்வையை இழுத்துவிட்டாள். காற்று அடிக்காமல்.

மூடியைச் சாத்தினாள்.

கதவு திறந்து குளிரும் பனியும் ட்ரூடியின் தாய் நடீனும் உள்ளே வந்தனர். பின்னால் மற்றவர்கள், பூட்சுகளைத் தரையில் உதைத்துக்கொண்டு.

“அப்பாடா. செத்தேன்னு நினைச்சேன் டீச்சர், மேட்டுல வண்டி வழுக்கிச்சு பாருங்க,” என்று நடீன் தொடங்கினாள். “இவரு வேற, நானே ஓட்டறேன்னு—”

நிறுத்தினாள்.

இரண்டு தட்டல். ஓய்வு. இரண்டு.

லூயெல்லா பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. வலது உள்ளங்கை மூடியின் மேல் விரிந்திருந்தது. “பிள்ளைங்க நல்லாத் தூங்கினாங்க,” என்றாள்.

நடீன் பெட்டியைப் பார்த்தாள். பிறகு லூயெல்லாவின் முகத்தைப் பார்த்தாள். நடீனின் கண்களில் வியப்பு இல்லை, கேள்வி இல்லை. கன்னத்தில் மட்டும், குளிர் ஏற்றிய சிவப்புக்கு மேல், வேறொரு சிவப்பு கழுத்திலிருந்து ஏறிற்று. அவளுடைய பாட்டியும் இந்தக் கூடத்தில் மீன் அடுக்கியவள். தச்சர் குனிந்து மகனின் பூட்சைத் தேடினார். அவருடைய குடும்பமும் அப்படித்தான். ஒருவருக்கொருவர் முகம் தெரியாதபடி எல்லாரும் குனிந்தனர்.

“சீக்கிரம் கிளம்பணும்,” என்றார் ஒருவர். “சாலை மறுபடியும் மூடிடும்.”

“ஆமா. சீக்கிரம்.”

“தொப்பி எங்கடா? அத விடு. வா.”

எல்லாருக்கும் கேட்டது. பேச்சைச் சற்று உரக்கப் பேசினார்கள். பேச்சு ஓயும் இடமெல்லாம் அது இருந்தது.

குழந்தைகளின் கைகள் மட்டும் நிற்கவில்லை. அவர்களுக்குக் கோட்டு மாட்டப்பட்டது, கழுத்துத் துணி சுற்றப்பட்டது. கவிழ்ந்த சிறு உள்ளங்கைகளும் அடியில் தட்டும் முட்டிகளும் அப்படியே இருந்தன. நடீன் மகளின் முன் முழந்தாளிட்டாள். கம்பளிக் கையுறையை எடுத்து, ட்ரூடியின் முட்டியை அதற்குள் திணித்தாள். உள்ளேயும் அது தட்டியது. நடீன் தன் இரு கைகளாலும் அதைப் பற்றி, நெரித்து, அசையவிடாமல் பிடித்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். சுற்றிலும் மற்றத் தாய்மாரும் தந்தைமாரும், தலை நிமிராமல், தத்தம் பிள்ளைகளின் சிறு முட்டிகளை அதுபோலவே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தனர்.

“டீச்சர், நீங்க எங்க கூட வரீங்களா?” என்று நடீன் தரையைப் பார்த்துக் கேட்டாள்.

“இல்ல. நீங்க போங்க. எனக்கு இங்க கொஞ்சம் வேல இருக்கு.”

யாரும் என்ன வேலை என்று கேட்கவில்லை.

ட்ரூடி மட்டும் தாயின் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். “டீச்சர், அது இன்னும் தட்டுதே.”

லூயெல்லா அவளைப் பார்த்துப் புன்னகை செய்தாள். பாடம் நடத்தும்போது செய்யும் புன்னகை. உள்ளங்கையில், மரத்தின் வழியாக, ஒவ்வொரு தட்டலும் தனித்தனியாக வந்து பட்டது. நல்ல குழந்தை. சொல்லிக் கொடுத்தபடியே தட்டுகிறது. அடியிலிருந்து. மறக்காமல்.

அவள் மற்றக் கையையும் எடுத்து மூடியின் மேல் வைத்தாள். உடலின் எடை முழுவதையும் அதன் மேல் சாய்த்தாள்.

தட்டல்களுக்கு இடையே இருந்த ஓய்வு நீண்டது. இன்னும் நீண்டது.